கட்டளைப்படி நடக்கும் நான்

அப்புத்துரை என் ஜெலுத்தோங் பிளாட்டுக்கு வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று முறை கழிவறைக்குப் போய்விட்டான். நான் எண்ணினேன். எண்ணுவது எனக்குப் பழகிய வேலை. அவனுடைய பெரியப்பா மகன், என் வீட்டுக்காரர் கதிர்காமநாதன், ஒரு காலத்தில் நாளைக்குப் பன்னிரண்டு முறை போவார். பாதி இரத்தம்.

உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே குடலைப் பகையாளியாக நினைத்துத் தாக்குகின்றன, அதனால்தான் குடல் வீங்கிப் புண்ணாகிறது என்றார் டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையில் முகம் உப்பியதுதான் மிச்சம். கெப்பாலா பத்தாஸ் ஊர் வைத்தியர் ஷேக் அலாவுதீனின் லேகியத்தைத் தின்ற பிறகுதான் பன்னிரண்டு மூன்றானது. அதில் கஞ்சா இலை உண்டு என்பதை வைத்தியர் மறைக்கவில்லை. இலை அந்த அணுக்களை அடக்கியதா, வலியை மட்டும் மரத்துப்போகச் செய்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம்மா. சரியா யாரும் சோதிச்சுப் பாக்கல. எங்கிட்ட கேட்டதா வெளிய சொல்லாதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் மறுபடியும் சோறு தின்றார், துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். எனக்கு அது போதும்.

எண்பத்து நான்கில் போலீஸ் வந்தது. நேரே அடுக்களைக்குப் போய், மேல்தட்டில் புளி ஜாடிக்குப் பின்னால் கைவிட்டு லேகியத்தை எடுத்தது. மொட்டைக் கடிதம் வந்ததாம். வக்கீல் காட்டிய நகலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பொருள் என்று தலைப்பு, பத்திக்குப் பத்தி எண், கடைசியில் அரசாங்கக் குமாஸ்தா போடும் மலாய் வரி: 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா'. கட்டளைப்படி நடக்கும் நான். அதன் கீழே வெற்றிடம். பெயரை மறைத்தவனுக்குப் பழக்கத்தை மறைக்கத் தெரியவில்லை. எங்கள் அடுக்களைவரை வந்துபோன அரசாங்கக் குமாஸ்தா ஒருவன்தான். அவன் பெண் கேட்டு என் தங்கையை நாங்கள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். என் வீட்டுக்காரர் சிறையில் இரண்டாம் வருடம் இரத்தம் போய்ப் போய் இறந்தார். ஏழு வருடமாக அந்த வரியை நான் மறக்கவில்லை.

"அண்ணி, அண்ணனுக்கு வந்த அதே வியாதிதான் லா எனக்கும். எந்த மருந்துக்கும் கேக்கல. அந்த லேகியம் உங்ககிட்ட இருந்தா..."

மேல்தட்டிலிருந்து ஜாடியை இறக்கி மேசையில் வைத்தேன். அவன் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு தாளையும் என் வீட்டுக்காரரின் மைப்பேனாவையும் வைத்தேன்.

"எழுதிக் குடுங்க தம்பி. என்ன வேணும், எதுக்கு வேணும்னு. மலாய்ல, முறையா."

"எழுத்து எதுக்கு அண்ணி?"

"நாளைக்கு நான் மாட்டினா யார் கேட்டாங்கன்னு காட்டணும்ல. வேணாம்னா போங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதினான். பொருள், ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் சொல்லாமலே கடைசி வரியும் வந்தது. எழுதி முடித்தவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"பேரையும் போடுங்க தம்பி. போன தடவ விட்டுட்டீங்க."

அவன் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது. ஜாடியில் புளி மட்டும்தான் இருந்தது. போலீஸ் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை என் மடியில் இருந்தது. அவன் பேனா முனையைத் தாளிலிருந்து எடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அந்த வரிக்குக் கீழே மை ஊறி, புள்ளி ஒன்று பெரிதாகிக்கொண்டே போனது.