வாங்க மறுத்த கடைசிப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பிறந்தது. அக்காவுக்கு மூன்றாவது கீமோ ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் நான். அவள் கண்ணை மூடிய நேரம் பார்த்து முதல் வாக்கியத்தை எழுதிவிட்டேன். சொந்த அக்காவை வைத்துக் கதை பண்ணுகிறானே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நானும்தான் சுளித்தேன். ஆனால் பேனாவை மூடவில்லை.

முதல் தொடக்கம்: 'அவளுடைய பாதங்களில் ஒரு ஊரின் வரைபடமே...' (ரொம்ப அழகாக இருந்தது, அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'இனி அவளால் நடக்க...' (முடிக்கத் தைரியம் வரவில்லை.)

மூன்றாவது: என் அக்கா தபால்காரி. இருபத்தாறு வருடமாக அவளுக்குத் தபால் கொடுக்க ஒரே பீட்தான். நான்கு தெரு, இருநூற்றுப் பன்னிரண்டு கதவு. அத்தனையும் நடைதான்.

இது இருக்கட்டும்.

2

சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது அவள்தான். கூட்டிப்போனாள் என்பது பேச்சுக்கு. அவள் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவேன். 'மெதுவா போக்கா' என்பதுதான் என் வாயில் அதிகம் வந்த வாக்கியமாக இருக்கும்.

மருந்து அவள் உள்ளங்காலையும் விரல் நுனியையும் மரத்துப்போக வைத்துவிட்டது. உறையைத் தடவிப் பார்த்தே உள்ளே கல்யாணப் பத்திரிகையா, வங்கிக் கடிதமா என்று சொல்கிறவள், சட்டைப் பொத்தானைப் போட என்னைக் கூப்பிடுகிறாள். பொத்தானைப் போடும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

சிகிச்சை முடிந்து வந்தால் கவுன்டரில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று போஸ்ட்மாஸ்டர் நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா மறுநாள் அவருக்குப் போன் போட்டாள். ஆறு கீமோவும் முடிந்தபின் ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்து காட்டினால் பீட் அவளுக்குத்தான் என்று பேசி முடித்துக்கொண்டாள்.

(இங்கே ஒரு டாக்டர் வருகிறார். முதல் வரைவில் நம்பிக்கையைப் பற்றி அரைப் பக்கம் பேசினார். நிஜ டாக்டர் அவ்வளவு பேசுகிற ஆளில்லை. "தினமும் நடங்க. முடியலன்னா உட்காருங்க. ஜுரம் வந்தா உடனே வாங்க." அவ்வளவுதான். அரைப் பக்கத்தையும் தூக்கிவிட்டேன்.)

3

ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் நாலு நாள் கட்டிலுக்கும் குளியலறைக்கும்தான் நடை. ஐந்தாம் நாள் வாசல் கேட். அப்புறம் பீட். தலையில் துணி, முகக்கவசம், தோளில் காலித் தபால் பை. காலிப் பை எதற்கு என்று கேட்டதற்கு, அது இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்றாள்.

நாற்பதாவது கதவு வரை போனோம். பிறகு எழுபத்தேழு. நான்காவது கீமோ முடிந்ததும் மறுபடி முப்பதுக்கு வந்துவிட்டது. மீண்டும் எழுபத்தேழுக்கு வந்த அன்று, அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். நம்பிக்கையான கதையில் இந்த அழுகையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும். அழுது முடித்து, எழுபத்தெட்டாவது கதவைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

நான் அவள் பக்கத்திலேயே நடந்தேன். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சிரைக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

4

இப்போது என் தவறு.

ஐந்தாவது கீமோவின்போது கதைக்கு ஒரு முடிவு எழுதினேன். அதில் அக்கா நூற்று அறுபத்து மூன்றாவது கதவில் சரிந்து, பை தோளிலிருந்து நழுவ... (மிச்சத்தை உங்களுக்குக் காட்டமாட்டேன்.) எழுதும்போது தேம்பித் தேம்பி அழுதேன். எழுதி முடித்ததும், வெட்கத்தோடு சொல்கிறேன், நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. கதை முழுவதையும் கொண்டுபோய் அவளுடைய ரத்தப் பரிசோதனைக் கோப்பிலேயே செருகி வைத்தேன். கையில் இருந்த கோப்பு அது ஒன்றுதான்.

கடைக்குப் போய்த் திரும்பினால், அக்கா மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் கதை.

"இதென்னடா, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் வரிசையில தபால் குடுக்க வெச்சிருக்க? ஒத்தப்படை இந்தப் பக்கம், ரெட்டைப்படை அந்தப் பக்கம். ஒவ்வொரு கடுதாசிக்கும் ரோட்டைத் தாண்டச் சொன்னா வியாதியே வேணாம், அதுவே கொன்னுரும்."

ஒரு பக்கமாகவே கடைசிவரை போய், மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டுமாம். கிளம்பும் முன்பே கடிதங்களை அந்த நடையின்படி அடுக்கிக்கொள்வார்களாம்.* பென்சிலால் எல்லாவற்றையும் திருத்தியிருந்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் தனியாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

அவள் செத்துப்போகும் பக்கம். அதன் குறுக்கே, மரத்த விரல்களின் கோணல் எழுத்தில், வேண்டாத தபாலின் மேல் தபால்காரர்கள் எழுதும் வாசகம்:

'பெறுநர் வாங்க மறுத்தார். அனுப்பியவருக்கே திருப்புக.'

கீழே தேதி. சுருக்கொப்பம். எல்லாம் முறைப்படி.

"சாகமாட்டேன்னு நான் சொல்லலடா," என்றாள். "உன் கையால வேணாம்."

* அதனால்தான் இந்தக் கதையில் கதவு எண்கள் எல்லாம் நடை வரிசை. வீட்டு எண் என்று எடுத்துக்கொண்டு தேடிப் போகாதீர்கள்.

5

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

அவள் பீட்டுக்குத் திரும்புகிறாள், தெருவே வாசலில் நின்று கைதட்டுகிறது. (எந்தத் தெருவும் அப்படிச் செய்யாது. தபால் வரவில்லை என்றுதான் கேட்கும்.)

அவள் கவுன்டரில் உட்காருகிறாள், மெல்ல மெல்ல அதுவும் பழகி... (இதை அவளிடம் காட்டினால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.)

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். நான் பின்னால் ஓட வேண்டும். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த முதுகைப் பார்க்க ஏங்கிப்போய்க் கிடக்கிறேன். அதை ஒரு கதையாக்கத் தெரியாமல்தான் இத்தனை வரைவு.

6

ஆறாவது கீமோவும் முடிந்தது. கடைசி ஸ்கேனும் எடுத்தாயிற்று. காலையில் போய் ரிப்போர்ட்டை வாங்கி வந்தேன். ஒட்டிய உறை, மேலே அக்காவின் பெயர். நான் எழுதும் இந்த மேசைமேல்தான் இருக்கிறது.

பிரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"யார் பேருக்கு வந்திருக்கு?"

"உன் பேருக்கு."

"அப்ப நான்தான் பிரிக்கணும். கடைசிக் கதவைத் தொட்டுட்டு வந்து பிரிக்கிறேன்."

நேற்று நூற்றுத் தொண்ணூற்றேழு வரை போனோம். இன்னும் பதினைந்து கதவு பாக்கி. வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது. வருகிறாயா இல்லையா என்று குரல் கொடுக்கிறாள். இந்தப் பத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் தெருமுனையில் இருக்கிறாள். காலிப் பை இடுப்பில் அடிக்க அடிக்க, தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள். (குணமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் மெதுவாகத்தான் போகிறாள். நான் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு தூரம்.)

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துகிறேன். "மெதுவா போக்கா."

திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஓட வேண்டும். நீங்கள் இங்கேயே இருங்கள். கதையின் முடிவு அந்த உறைக்குள் இருப்பதாக உங்களுக்குத் தோன்றும், கையும் பரபரக்கும். அது உங்கள் பெயருக்கு வந்ததில்லை.