செல்வலட்சுமியின் ஒற்றைக்கால்

“ஆடுவாங்கன்னா எப்படி, கும்மி மாதிரியா?”

“இல்ல சார். நொண்டி அடிப்பாவ.”

வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயிலிருந்து டாக்டர் திரும்பினார். “இந்த வயசுலயா?”

“அம்மா அடிக்கல சார். செத்துப்போன எங்க சித்தி. அம்மா மேல வந்து அடிப்பாவ.” வனிதாவுக்குச் சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

“எந்தக் கால்ல?”

“இடது கால்ல” என்றாள் நாற்காலியில் இருந்த சங்கரம்மாள். தேய்ந்துபோன இடுப்பு மூட்டும் இடதுபக்கம்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. “மாத்துன பெறவு நல்லா நடக்கலாம். சம்மணம் போடக் கூடாது. குத்தவைக்கக் கூடாது. நொண்டி அடிச்சா உள்ள வைக்கிற பந்து கிண்ணத்த விட்டுக் கழண்டுரும். பெறவு மறுபடி கிழிக்கணும். உங்க தங்கச்சிகிட்டச் சொல்லி வைங்க.”

கதவோரம் நின்ற சோலை மட்டும் சத்தமாகச் சிரித்தான். “அவ அக்கா பேச்சக் கேட்டிருந்தாத்தான் உசுரோட இருந்திருப்பாளே, சார்.”

சங்கரம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வலட்சுமி செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. வற்றிய கம்மாய்க்குள் அக்காளும் தங்கையும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவள் எறிந்த ஓட்டுச்சில்லு கட்டத்தில் நிற்காமல் ஒரு வெடிப்புக்குள் விழுந்தது. நொண்டிக்கொண்டே போய், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் குனிந்து கையை உள்ளே விட்டாள். பாம்பு கடித்துக் கையை உதறியபோதும் அவள் காலை ஊன்றவில்லை. ஊன்றினால் ஆட்டம் போய்விடும். அக்காளைப் பார்த்து என்னவோ சொல்லப்போகிறவள் போல வாயைத் திறந்தபடி, ஒற்றைக்காலில், வெயிலில் நின்றாள். சங்கரம்மாளுக்கு அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் மறந்துவிட்டன. அந்த நிற்றல் மட்டும் மறக்கவில்லை.

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஆடி மாதம் கடைசிச் செவ்வாய் மதியம் பாவாடை சட்டையும் வளையலும் பவுடரும் கடலைமிட்டாயும் வைத்துக் கும்பிடுவார்கள். சாம்பிராணிப் புகை எழுந்ததும் சங்கரம்மாளின் இடது பெருவிரல் நடுங்கத் தொடங்கும். முற்றத்தில் கோலமாவால் போட்டிருக்கும் கட்டங்களில் நொண்டிப் போவாள். கடைசிக் கட்டத்துக்கு முந்தியதில், செல்வலட்சுமியின் ஆட்டம் அன்று அறுந்த இடத்தில், நின்றுவிடுவாள். “போயிட்டு வா, தாயி” என்று சோலை சொன்னதும் உடம்பு தளர்ந்து விழும். செல்வலட்சுமிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் இந்த உலகத்தில் இருந்ததெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை, அக்காளின் இடது காலில், அந்தக் கொஞ்ச நேரம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டையே இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவைத்தார்கள். கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வந்தது. கழிப்பறையில் உட்காரும் பீங்கான் வந்தது. தரையில் இருந்த அரிசித் தகரம், மிளகாய்ச் சாக்கு எல்லாம் பலகை மேல் ஏறின. புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கப் போகும் வனிதா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். குலசாமி கோயிலில் பூக் கட்டிப்போட்டு உத்தரவு கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

கன்னியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சின்னப்பிள்ளை. வீட்டுப் பெரிய காரியத்துக்குச் சின்னப்பிள்ளையிடம் போய் யார் உத்தரவு கேட்பார்கள்?

சங்கரம்மாளுக்கே அது ஆபரேஷன் மேஜையில் படுத்த பிறகுதான் தோன்றியது. முதுகில் ஊசி போட்டதும் கால்கள் காணாமல் போயின. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி தொங்கியது. அதற்கு அப்பால் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டது. வலியில்லை, அதிர்வு மட்டும் மேஜை வழியாகத் தலைக்கு ஏறியது. டொக். இடைவெளி. டொக். ஒற்றைக்கால் இறுகிய மண்ணில் விழுவதுபோல இருந்தது. யாரோ கட்டம் கட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். பிறகு சத்தம் நின்றது. “சரியா உக்காந்துட்டு” என்றார் டாக்டர். வந்துகொண்டிருந்தவள் எங்கே நின்றாள் என்று சங்கரம்மாள் கேட்க நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து மல்லாந்தே கிடந்தாள். கோவில்பட்டியிலிருந்து பைக்கில் வந்து பயிற்சி கொடுத்த பாலகணேஷ், “உங்க காலுதாம்மா, பயப்படாம ஊனுங்க” என்பான். அவள் குனிந்து அந்தக் காலைப் பார்ப்பாள். வலி நாளுக்கு நாள் குறைந்தது. வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடந்தாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவள் மட்டும் கட்டிலில் சாய்ந்து இடது பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டினால் ஆடியது. தானாக ஆடவில்லை. சில மத்தியானங்களில் ஆடுகள் மேயப்போய் வீடு வெறிச்சோடிக் கிடக்கையில், முற்றத்தில் ஒரு காலடி விழும். ஒன்றுதான். அடுத்தது விழாது.

ஆடிக் கடைசிச் செவ்வாய் வந்தது.

“இந்த வருசம் வேண்டாம்ட்டி” என்றான் சோலை. “வந்தா கால் போயிரும். வரலன்னா ஏங்கியே நீ போயிருவ. ரெண்டும் எனக்கு ஆவாது.”

“பிள்ள வந்து வெறும் முத்தத்தப் பாத்துட்டு நிப்பாளா?”

“கட்டம் போட வேண்டாம். நீ நாக்காலில உக்காந்து கும்பிடு.”

“உக்காந்தா?” சங்கரம்மாள் கேட்டாள். “தெரிஞ்சுதான் பேசுதீங்களா?”

சோலைக்கும் அது தெரியும். கன்னி நின்றபடி வந்து நின்றபடி போக வேண்டும். வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த உடம்பைவிட்டு எழுந்து போகமாட்டாள். பக்கத்து ஊரில் ஒருத்தி கன்னி வந்த நேரத்தில் உட்கார்ந்துவிட்டு, இன்றுவரை பிள்ளைக் குரலில் பேசிக்கொண்டு அலைகிறாள்.

கடைசியில் வாக்கரைப் பிடித்து நிற்பதென்று முடிவானது. விழுந்தால் தாங்க சோலை பின்னால் நின்றான். முடியாமல் போனால் இருக்கட்டும் என்று வனிதா உயரமான நாற்காலியைப் பக்கத்தில் போட்டாள். படையல் தட்டைக் கொண்டுவந்து வைத்துச் சாம்பிராணியும் போட்டாள். “எம்மா, வாரது மாதிரி இருந்தா உடனே சொல்லு, புடிச்சுக்கிடுதோம்” என்றாள். அவளுக்கு இதிலெல்லாம் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

புகை எழுந்தது. சங்கரம்மாள் கண்ணை மூடினாள். உள்ளங்கை வாக்கரில் வழுக்கியது. இடது பெருவிரலில் ஒன்றுமில்லை. வா, செல்வி. கழண்டால் கழண்டுபோகட்டும், வா. மூட்டுக்குள் இருந்த உலோகம் குளிர்ந்து, யாரையும் அறியாததுபோல் இருந்தது.

முற்றத்தில் ஒரு காலடி விழுந்தது. பிறகு அடுத்தது.

கண்ணைத் திறந்தாள். கட்டம் போடாத முற்றத்தில் வனிதா நொண்டிக்கொண்டிருந்தாள். இடது கால். எங்கே திரும்ப வேண்டும், எங்கே தாண்ட வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. கடைசிக் கட்டத்துக்கு முந்திய இடம் வந்தது. அவள் நிற்கவில்லை. தாண்டிவிட்டாள். சோலை “தாயி, தாயி” என்று உளறினான். “போயிட்டு வா” என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

நொண்டியபடியே வந்து வாக்கருக்கு எதிரில் நின்றாள். முகமெல்லாம் வேர்வை. தூக்கிய கால் அந்தரத்தில் நடுங்கியது, தரையைத் தொடவில்லை. சங்கரம்மாளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.

“அக்கா” என்றாள் வனிதா. “ரொம்பக் கால் வலிக்கிக்கா. செத்த நேரம் அதுல உக்காந்துக்கிடட்டுமா?”