கோதுமை கூடாது

1952-இல் ஒரு நாள், காலை ஐந்தரை மணி. சுவா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே, பஞ்சாலை என்ற தொழிலாளி டாக்டரின் சீட்டோடு ரேஷன் அளக்கும் குமாஸ்தாவான கிராணியிடம் போனாள். மகளின் வயிற்றுப்போக்குக்குக் கோதுமைதான் காரணம், சோறும் மரவள்ளியும் கொடு என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று சர்க்கார் அரிசியைக் குறைத்துக் கோதுமை மாவு அளந்துகொண்டிருந்தது. மரவள்ளியைப் போன மாதமே பிடுங்கியெறிந்து நாட்டைக் காப்பாற்றியிருந்தது.

"மாவை நீங்களே வச்சுக்கிட்டு அரிசி குடுங்கய்யா."

"அரிசி யாருக்குன்னு போலீஸ் கேட்டா?"

"எம்மவளுக்குத்தான். ஆறு வயசு. வேணும்னா நீங்களே வந்து ஊட்டிட்டுப் போங்க."

கிராணி சீட்டைப் படித்தார். மனம் இளகியது.

"பாவம். ரெண்டு ரொட்டி கூடத் தரேன், வயித்துக்கு லேசா இருக்கும்."

"அதுவும் கோதுமைங்க. கோதுமையை நிறுத்தச் சொன்னாரு, நிறுத்திட்டேன். சாப்பாட்டையும் சேத்து நிறுத்திரட்டுங்களா?"