முப்பத்திரண்டு அங்குலம்

கல்யாணமான நாளிலிருந்து தன் இடுப்பு முப்பத்திரண்டைத் தாண்டவில்லை என்று பஸ் டிரைவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பார். ஆதாரம் பேண்ட்டின் உள்பட்டியில் இருந்தது. வருடா வருடம் அளவைக் கூட்டிப் புதுப் பேண்ட் தைத்து, பழையதிலிருந்து '32' என்ற துணிச்சீட்டைப் பிரித்து அதில் வைத்துத் தைப்பவள் அவர் மனைவி. தையற்கடை நடத்தும் அவளுக்கு அது ஐந்து நிமிட வேலை. பாவம், நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டுகிற மனுஷன், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆரம்பித்தது பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணனையும் சேர்த்துக்கொண்டு மலையேறினார்கள். மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறி வந்தால், காட்சி முனைக்குப் போக இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்குதான் வழி. பக்கத்தில் பலகை: 'இடுப்பு முப்பத்தாறு அங்குலத்துக்கு மேல் உள்ளவர்கள் நுழைய வேண்டாம்.'

"நமக்கென்ன, முப்பத்திரண்டு," என்று டிரைவர் பெல்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"வயிறு வேற கதை சொல்லுதே மாப்பிள்ளை," என்றார் அண்ணன்.

அவள் இடுக்கையும் அவர் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனால் மனுஷன் ஆப்பசைத்த குரங்காக மாட்டிக்கொள்வார். உண்மையைச் சொன்னாலோ, அண்ணன் ஆயுசுக்கும் ஓட்டுவார்.

"ஏங்க, எனக்குத் தலை சுத்துது. கூட உட்காருங்க," என்று அவர் கையைப் பிடித்தாள்.

"நல்ல சாக்கு. என்னைப் பாருங்க, காலேஜ்ல இருந்த அதே முப்பத்துநாலு," என்று அண்ணன் பக்கவாட்டில் நுழைந்தார்.

டிரைவர் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "இப்ப எவ்வளவு?"

"எது?"

"நடிக்காதே. போன வருஷமே டிப்போ டாக்டர் டேப்பை வச்சு அளந்துட்டார். முப்பத்தொன்பது."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ ஆசையா தைக்கிறே. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "நாப்பது," என்றாள். "பின்னே எந்தத் தைரியத்துல பெல்ட்டைத் தூக்கினீங்க?"

"நீ தடுப்பேன்னுதான்."

அப்போது இடுக்கிலிருந்து அண்ணனின் குரல் தீனமாக வந்தது. "மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து இழுங்களேன்."

டிரைவர் எழுந்தார். போகிற போக்கில் நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான் பேண்ட்டும் உங்கிட்டதானே தைக்கிறார்?"

"முப்பத்தெட்டு," என்றாள் அவள், வாயைப் பொத்திக்கொண்டு. "மெதுவா இழுங்க, தையல் விட்டுடப்போகுது."