ஆறு இஞ்ச் ஓட்டை

வளவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. பெத்த அம்மா காசியம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. கொள்ளி வச்சது இவன், மொட்டை அடிச்சுக்கிட்டது இவன். ஆனா கண்ணு ரெண்டும் காஞ்சு கிடக்குது. கீழ்பென்னாத்தூர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த பொம்பளைங்க, அழுகைக்கு நடுநடுவே இவன் மூஞ்சியை எட்டி எட்டிப் பார்த்தாங்க. "கல்நெஞ்சுக்காரன்"னு அத்தைக்காரி காதுபடவே சொன்னா. அதுகூட அவனுக்கு வலிக்கலை. அதுதான் பயமா இருந்துச்சு. நமக்கு உள்ளே ஒண்ணுமே இல்லையோ?

காரியம் முடியற வரைக்கும் நல்லது நடக்கிற வீட்டுப் பக்கமே போகக் கூடாது. இவன் என்னடான்னா காலங்காத்தால தொப்பியை மாட்டிக்கிட்டு, சுவத்துல வட்டமா ஓட்டை போடற கோர் கட்டிங் மெஷினை வண்டியில ஏத்திக்கிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிட்டான்.

செங்கம் ரோட்டுல சரோஜாம்மா வீடு. ஆசிரமத்துக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விட மாடியில புதுசா கட்டியிருக்காங்க. மறுநாள் கிரகப்பிரவேசம். சமையல்கட்டுல சிம்னி குழாய்க்கு ஓட்டை விட மறந்துட்டாரு கொத்தனார், மகராசன்! இப்ப போய் உளியால தட்டினா புதுப் பூச்சு பொலபொலன்னு கொட்டிடும்.

வளவன் சுவத்துல வட்டம் போட்டு, ஸ்டாண்டை போல்ட் வச்சு முடுக்கினான். ஆறு இஞ்ச் டைமண்ட் பிட்டு. தண்ணி விட்டுக்கிட்டே ஓட்டணும், இல்லன்னா பிட்டோட பல்லு கருகிப் போயிடும். ஓட ஆரம்பிச்சதும் சேறு தெறிச்சு தொப்பியெல்லாம் நனைஞ்சுது. மெஷினை நிறுத்திட்டுத் தொப்பியைக் கழட்டி உதறினான்.

"அட, திருப்பதி மொட்டையா தம்பி?"ன்னாங்க சரோஜாம்மா.

"ஆமாங்கம்மா."

பொய் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. தீட்டுன்னு தெரிஞ்சா வெளியே அனுப்பிடுவாங்க. திரும்பவும் அந்த மூஞ்சிங்களுக்கு நடுவுல போய் உக்காரணும்.

"நல்ல சகுனம்பா! லட்டு கொண்டாரலையா?"

சும்மா சிரிச்சு வச்சான்.

மெஷின் மறுபடி ஓடுச்சு. நடுவுல கான்கிரீட் பட்டைக்குள்ள கம்பி தட்டினதும் சத்தம் மாறுச்சு, அழுத்தத்தைக் குறைச்சான். அதிர்வுல விரலெல்லாம் மரத்துப் போச்சு. மனசு மாதிரியே கையும் ஆயிடுச்சேன்னு ஒரு நிம்மதி. சுவத்துக்கு அந்தப் பக்கம் கீழே சந்துல யாரும் வந்து நிக்காம சரோஜாம்மா வீட்டுக்காரர் இராமலிங்கம் காவல் நின்னார். துண்டு உருளையா கழண்டு வந்துச்சு. பூச்சுல ஒரு கீறல் இல்லை.

சரோஜாம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. வேலை செஞ்சவங்களுக்கு வச்சுக் கொடுக்கிற தாம்பாளத்தோட வந்தாங்க.

"நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தி, இப்பவே வாங்கிக்கோ. வீட்ல யாரு இருக்காங்க?"

"அம்மா இருக்காங்க."

"பொடவை ஒண்ணு தர்றேன். பச்சை பிடிக்குமா, மாம்பழக் கலரா?"

"மாம்பழக் கலருங்க. பச்சை கட்ட மாட்டாங்க, கருப்பா தெரியறேன்னு சொல்லுவாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைச்சுது. திருப்பதின்னது பொய், தெரிஞ்சு சொன்னது. இது பொய் இல்லை. அவன் வாய்க்கு இன்னும் சேதி போய்ச் சேரலை.

தாம்பாளத்துக்கு நீட்டின கையை இழுத்துக்கிட்டான். "வேணாங்க. அம்மா செத்துட்டாங்க. நான் தீட்டு."

"அடப்பாவி! நாளைக்குப் பால் காய்ச்சற வீடுடா இது! சொல்ல வேணாமா?" சரோஜாம்மா தாம்பாளத்தோட பின்னால நகர்ந்தாங்க. ஏச்சு மேல ஏச்சு. அத்தனையும் நியாயம்தான். வளவன் மெஷினைத் தூக்கக் குனிஞ்சான், முடியலை. சிமெண்ட் தண்ணியிலேயே பொத்துன்னு உக்காந்துட்டான்.

"மாம்பழக் கலருங்க"ன்னான் மறுபடியும். அப்புறம் வாயைத் திறந்து ஓன்னு அழுதான்.

"சரோஜா!" சந்துல இருந்து ஓட்டை வழியா இராமலிங்கத்தோட சத்தம். "நாளைக்குக் கிரகப்பிரவேசத்தை வச்சுக்கிட்டு புது வீட்டுல என்ன அழுகை? நிறுத்தச் சொல்லு!"

சரோஜாம்மா தாம்பாளத்தைக் கீழே வச்சாங்க.

"நீங்க சும்மா இருங்க. பையன் அழட்டும்."