மோசமான வகுப்பு எது?

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ஓட்டலில் அறைகளைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மூன்றாம் மாடியில் ஒரு படுக்கை விரிப்பு சுருங்கியிருந்தால் தரைத்தளத்தில் நிற்கும் எனக்கு முதுகு அரிக்கும். நான் தாழ்வாரத்தில் வருகிறேன் என்று தெரிந்தால் தூசி தானாக எழுந்து ஜன்னல் வழியாக வெளியேறிவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் மறந்துவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன்.

அப்பேர்ப்பட்டவளிடம் வந்து, "பாருங்க அண்ணி, இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு நாலுதான் குடுத்திருக்காங்க" என்று கைபேசியை நீட்டினாள் என் தம்பி மனைவி.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கின் மேல் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடாது. ஒரு திரைச்சீலை வாங்குவதற்குள் கடைக்காரர் இரண்டு முறை விடுப்பு எடுத்துத் திரும்பியிருப்பார். இப்போது அவள் வாங்க வேண்டியது மகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்.

தெருக்கோடியில் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளி, பத்துக்கு நாலு. ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பேர்பெற்ற பள்ளி, பத்துக்கு ஒன்பதரை. அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேண்டுமா வேண்டாமா என்று அன்று மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும். என் தம்பி, "நீங்க ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பூமியை இரண்டு சுற்று சுற்றி வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

பிள்ளைக்கு நான் வைத்த பெயர் தந்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு வாங்குவார்கள் என்பதைப்போலப் பேசுவாள். பிறந்ததிலிருந்து அப்படியில்லை. போன வருடம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் ஒரு கணக்குக்குத் தப்பான விடை சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். ஆசிரியரும் சேர்ந்து சிரித்தாராம். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "புரிஞ்சுது" என்பாள். மதிப்பெண்ணைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை என்று தெரியும். அம்மாக்காரி தினமும் வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுப்பாள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது." அவ்வளவுதான் உரையாடல்.

"ஆறாவதுல மறுபடி அதே மாதிரி ஆச்சுன்னா இவ வாயையே மூடிடுவா அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அவள் பயந்தது அதற்குத்தான்.

"அதுக்கு நாலு, ஒன்பதரைன்னு நம்பரைப் பாத்தா ஆச்சா? எங்க ஓட்டலுக்கு நட்சத்திரம் குடுக்க ஒரு மனுஷர் வந்தார். எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு பூந்தொட்டி. அவர் மாடி ஏற ஏற, அந்தத் தொட்டி சரக்கு லிஃப்ட்ல அவருக்கு முன்னாடி ஏறிக்கிட்டே இருந்துச்சு. மாடிக்கு ஒரு தொட்டின்னு எழுதிக்கிட்டுப் போனார்."

"போன தடவை சொன்னப்ப அது சோபாவா இருந்துச்சு."

"ரெண்டும்தான் போச்சு. சொல்றதைக் கேளு. ஒரு ஓட்டலை எடை போட ஒரே ஒரு கேள்வி போதும். 'உங்ககிட்ட இருக்கறதுலயே மோசமான ரூம் எது?' நல்ல ஓட்டல்னா வரவேற்புல இருக்கறவன் யோசிக்கவே மாட்டான். 'ரெண்டாவது மாடி கடைசி ரூம், லிஃப்ட் சத்தம் கேக்கும், அதனால கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கோம்'ம்பான். 'எங்ககிட்ட எல்லா ரூமும் அருமை'ன்னு சொன்னான்னு வை, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிரணும். பள்ளிக்கூடத்துலயும் அதையே கேப்போம்."

"பெரிய கண்டுபிடிப்பு" என்றாள். ஆனாலும் கடைக்கு விடுப்புச் சொன்னாள்.

காலையில் தூரத்துப் பள்ளிக்குப் போனோம். குறையொன்றும் சொல்ல முடியாது. தரையில் என் முகம் தெரிந்தது. பத்து வயது குறைவாகவே தெரிந்தது. கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன், சுத்தம். சுற்றிக்காட்ட வந்த பெண்மணியின் புன்னகை காதுவரை போய், கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தது. எல்லா வகுப்புகளின் கதவுகளும் மூடியிருந்தன. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், உள்ளே போகக்கூடாது. பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் என் கேள்வியைக் கேட்டேன்.

புன்னகை ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. "எங்க பள்ளியில அந்த மாதிரி வகுப்பே கிடையாதும்மா." அப்படியே குனிந்து தந்தியிடம், "உனக்கு எந்தப் பாடம் புடிக்கும் செல்லம்?" என்றார்.

"எல்லாம்."

"கணக்கு நல்லா புரியுமா?"

"புரியும்."

"சமத்து!" என்று கன்னத்தைத் தட்டினார். தம்பி மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் திரும்ப எனக்கே தைரியமில்லை.

மதியத்துக்கு மேல் தெருக்கோடிப் பள்ளிக்குப் போனோம். இங்கே கதவுச் சட்டத்தில் விரல் வைத்தேன். அந்தத் தூசியில் விதை போட்டால் மூன்று மாதத்தில் அறுவடை பண்ணலாம். ஒரு ஜன்னல் பாதி திறந்த நிலையில் துருப்பிடித்து நின்றது. அது மூடியதை ஆண்ட அரசுகள் எதுவும் பார்த்திருக்காது. தம்பி மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தலைமையாசிரியை அறையில் இல்லை. தாழ்வாரத்தில் இரண்டு பையன்களுக்கு நடுவே நின்று ஒரு சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். முழங்கையெல்லாம் சாக்பீஸ் தூள். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் நான் கேட்டுவிட்டேன். "உங்க பள்ளிக்கூடத்துலயே மோசமான வகுப்பு எது?"

"ஆறாம் வகுப்பு பி பிரிவு. கணக்கு" என்றார். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

எனக்கு வந்த மகிழ்ச்சியில் அந்த இடத்திலேயே ஒரு சுற்று ஆடியிருப்பேன். முழங்கால் சம்மதிக்கவில்லை.

"யார் எடுக்கறாங்க?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"நான்தான்."

"நீங்க கணக்கு டீச்சரா?"

"புவியியல். கணக்கு டீச்சர் வருஷ நடுவுல வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. புது ஆள் இன்னும் போடல. அதுவரைக்கும் நானே சமாளிக்கிறேன். சரியா வரல. அடுத்த பீரியட் அதுதான், வந்து உக்காந்து பாருங்க."

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எண்ணெய் இல்லாமலே என்னைப் பொரித்து எடுத்திருக்கலாம். உலகத்தில் இத்தனை பாடங்கள் இருக்கும்போது என் கேள்விக்குப் பதிலாக வந்து நிற்க வேண்டியது ஆறாம் வகுப்புக் கணக்குத்தானா? வரலாறு என்று வந்திருக்கக் கூடாதா? தையல் என்று வந்திருக்கக் கூடாதா?

"உங்க தியரி ஜெயிச்சிருச்சு அண்ணி. சந்தோஷமா?" என்று காதருகே கேட்டாள்.

நல்ல பதிலாக நாலைந்தை நான் எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

கடைசி பெஞ்சில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது பாடம். தலைமையாசிரியை பலகையில் அரையை எழுதி, காலால் வகுத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கி, விடை இரண்டு என்றார்.

"புரியல மேடம்" என்றான் ஜன்னலோரம் இருந்த நெட்டையன்.

மறுபடி விளக்கினார்.

"இன்னும் புரியல. வகுத்தா கம்மியாகணும்ல மேடம்? அரையே சின்னது. அதைப் போய் வகுத்தா எப்படி ரெண்டாகும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறுபத்தைந்து வருடமாக எனக்கும் அதே சந்தேகம்தான். யாரிடமும் கேட்டதில்லை.

அவர் மூன்றாம் முறை விளக்கினார். முன்வரிசையில் இருந்த ஒரு பொடிசு எழுந்தது. "மேடம், நீங்க முன்னாடி சொன்னதையேதான் சொல்றீங்க. சத்தமாச் சொல்றீங்க, அவ்வளவுதான்."

வகுப்பு சிரித்தது. தந்தியின் கை என் கையை இறுகப் பிடித்தது. தலைமையாசிரியையும் சிரித்தார், தன்னைப் பார்த்து. "ஆமால்ல? சரி, எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல. புரிஞ்சவங்க யாராவது வேற மாதிரி சொல்லுங்க பாப்போம்."

அந்தப் பொடிசே பலகைக்குப் போனது. நீளமாக ஒரு கோடு போட்டது. "இது அரை மீட்டர் ரிப்பன். கால் மீட்டர், கால் மீட்டரா வெட்டினா எத்தனை துண்டு வரும்? ரெண்டு. எத்தனை துண்டுன்னுதான் கேக்கறாங்க. ரிப்பன் ஒண்ணும் பெருசாகல."

நெட்டையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "பாதி புரியுது."

"பாதி போதும்" என்றார் தலைமையாசிரியை. "மீதியை நாளைக்குப் பாப்போம். நானும் யோசிச்சுட்டு வரேன்."

பின்னால் இரண்டு பேர் காகித அம்பு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தூங்கியேவிட்டாள். அருமையான வகுப்பு என்று நான் சொன்னால், மிகைப்படுத்துவதில் எனக்கிருக்கும் பேர் கெட்டுவிடும். அந்த அளவுக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அது மோசமான வகுப்புத்தான்.

மணி அடித்ததும் தம்பி மனைவி நேராகக் கேட்டாள். "புது டீச்சர் எப்ப வருவாங்க?"

"கேட்டுக்கிட்டே இருக்கேன். வந்துருவாங்கன்னு உங்ககிட்ட சத்தியம் பண்ண மாட்டேன்."

"வரலைன்னா?"

"நான்தான். சனிக்கிழமை காலையில பக்கத்துப் பள்ளிக் கணக்கு டீச்சர்கிட்ட போய்க் கத்துக்கிட்டிருக்கேன். அவங்க என்னை நல்லாத் திட்டறாங்க."

வெளியே வந்தோம். தம்பி மனைவி வேகமாக நடந்தாள். நான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன்.

"நான் சொன்னேன்ல, மோசமான ரூமைத் தெரிஞ்சு வச்சிருக்கறவங்க..."

"அண்ணி, தயவுசெஞ்சு. கட்டிலைத் திருப்பிப் போட்டா லிஃப்ட் சத்தம் குறையும். என் பொண்ணை எந்தப் பக்கம் திருப்பிப் போடறது?"

நியாயமான கேள்வி. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் பல் மருத்துவரிடம்.

அப்போது தந்தி நின்றாள். "அந்த நெட்டை அண்ணனை டீச்சர் வெளிய அனுப்பலயே" என்றாள்.

நாங்களும் நின்றோம்.

"ரெண்டு தடவை புரியலன்னு சொன்னான். யாரும் அவனைப் பாத்து சிரிக்கவும் இல்ல."

அவள் ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் பேசி ஒரு வருடம் இருக்கும். தம்பி மனைவி குனிந்தாள். "உனக்குப் புரிஞ்சுதா, இன்னைக்கு நடத்துனது?"

"புரிஞ்சுது. ரிப்பன்."

அம்மாவின் முகம் வாடியது. அதே பழைய சொல். ஆனால் தந்தி இன்னும் முடிக்கவில்லை.

"நீ சொல்லிக் குடுக்கறதுதான்மா புரியல."

"எது?"

"எல்லாம். மொதல்ல இருந்து."

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். தம்பி மனைவி நடைபாதையிலேயே, ஒரு கடையின் மூடிய கதவுக்கு முன்னால் இருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் புரிஞ்சுதுன்னு சொன்னியேடி?"

"நீ களைப்பா இருப்பே. இன்னொரு தடவை கேட்டா சத்தமாச் சொல்லுவே."

தம்பி மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள். "கடைக்கு வர்ற சில பிள்ளைங்க, முன்னாடி உக்காந்தவங்க சோதனை அட்டையைப் படிக்கறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணி, அப்படியே எழுத்தை ஒப்பிக்கும் அண்ணி. கண்ணு தெரியலன்னா திட்டுவாங்களோன்னு பயம். நான் பாத்த உடனே கண்டுபிடிச்சிருவேன். மேனேஜரே என்னைத்தான் கூப்புடுவார்." தந்தியின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வீட்டுல ஒருத்தி ஒரு வருஷமா ஒப்பிச்சிருக்கா. எனக்குத் தெரியல."

"நல்ல ஸ்கூலா, இல்லியா, அது?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள் உறுதியாக. "ஜன்னல் மூடாது, டீச்சர் கிடையாது, காகிதம் பறக்குது. நாலு சரிதான். நாலரை வேணும்னா குடுக்கலாம். ஆனா இவ வாயைத் திறந்தது அங்க போயிட்டு வந்துதான்."

கைபேசியை எடுத்தாள். தூரத்துப் பள்ளிக்கு ஒதுக்கி வைத்த இடம் வேண்டாம் என்று சொன்னாள். எதிர்முனையில் காரணம் கேட்டிருக்க வேண்டும். "ரொம்ப தூரங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னைக் கேட்டிருந்தால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காரணம் சொல்லியிருப்பேன்.

எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தாள். தந்தி அவளுக்கு முன்னால் ஓடினாள். தலைமையாசிரியை வெளிவாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏதாவது மறந்துவிட்டோமா என்று கேட்டார்.

"இவளை இங்கயே சேக்கறோம்" என்றாள் தம்பி மனைவி.

"யோசிச்சுட்டீங்களா? கணக்கு நான் சொன்ன மாதிரிதான் இருக்கும்."

"தெரியும். இன்னொண்ணு கேக்கணும்." என் தம்பி மனைவி ஒருவரிடம் தயங்கிப் பேசி நான் பார்த்ததே இல்லை. "சனிக்கிழமை நீங்க கத்துக்கப் போறீங்களே, அங்க நானும் வரலாமா?"

தலைமையாசிரியை பூட்டை விட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க. ஆனா அவங்க திட்டுவாங்க, பரவாயில்லையா?"

"பரவாயில்ல. எனக்குப் பின்னமே சொல்லிக் குடுக்கத் தெரியல."

"அம்மா, புரியலன்னா கேளு" என்றாள் தந்தி.