எல்லோருக்கும் 120/80

கவிப்பிரியா வேலையை விட்டுப் போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அவள் இருந்தவரை நாங்கள் இரண்டு நர்ஸ்கள், ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். அதன்பிறகு நான் ஒருத்திதான், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. வார லீவு கிடையாது. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனி. ஆயிரத்து இருநூறு பேருக்கு ஒரு மெடிக்கல் ரூம், இரண்டு கட்டில், வாரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்க்கும் ஒரு டாக்டர், அப்புறம் ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்த மெர்சி என்கிற நான். இன்னொரு ஆள் கேட்டால் ஹெச்.ஆர். ரகுபதி சார், "பாத்துக்கிட்டேதான் இருக்கோம் சிஸ்டர்" என்பார். உண்மைதான். நான் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

போன மாதம் தகடு அமுக்கும் பிரஸ் லைனில் ஒரு பெண்ணுக்கு விரல் நுனி நசுங்கியது. கட்டுப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, திரும்பி வந்து ஆறிப்போன இட்லியைத் தின்றேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிள்ளைப்பாக்கத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. முன்பெல்லாம் ஊசி போடும்போது எதிராளி முகம் சுளித்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த மெர்சி எங்கே போய்த் தொலைந்தாள் என்று பயமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். ஜெபம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன், பாதியிலேயே தூங்கிவிட்டேன்.

நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது வருடாந்திர மெடிக்கல் செக்கப்பின் கடைசி நாள். மறுநாள் ஆடிட், ரெஜிஸ்டரைப் பார்ப்பார்கள். மிச்சமிருந்த அறுபது பேரை அதற்குள் முடித்தாக வேண்டும். பேட்டரியில் ஓடும் பி.பி. மெஷின் கெட்டு இரண்டு வாரம் ஆகியிருந்ததால் பழைய முறைதான். கையில் பட்டையைச் சுற்றி, பல்பை அமுக்கிக் காற்றேற்றி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, துடிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று கேட்க வேண்டும். கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நாற்பத்தோராவது ஆளாகக் கண்ணப்பன் வந்தார். வல்லக்கோட்டைக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பட்டையைச் சுற்றினேன், அமுக்கினேன், காற்றை விட்டேன், ரெஜிஸ்டரில் 120/80 என்று எழுதினேன். 'ஃபிட்' என்று சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"சிஸ்டர், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணே, வெளிய ஆள் நிக்கிது."

"நீங்க காதுல மாட்டவே இல்லியே. அது கழுத்துலயே கீது."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அங்கேதான் கிடந்தது.

"நாலு நாளா தல பாரமா கீது சிஸ்டர். நீங்க இன்னா சொல்லப் போறீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். நல்லா கீதுன்னு எழுதிட்டீங்க."

காதில் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். 190/116. இந்தச் சீட்டோடு அவர் நேராகப் போய் வண்டியில் ஏறியிருப்பார். அந்தக் குடோனில் எந்த நேரமும் பத்துப் பேர் குறுக்கே நடப்பார்கள்.  அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, டாக்டருக்கு போன் போட்டு, ஆம்புலன்ஸை வரச் சொன்னேன்.

அவர் போனதும் ரெஜிஸ்டரைத் திருப்பினேன். 134/86, 128/82, 118/76 என்று பதினெட்டாவது ஆள் வரை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பத்தொன்பதிலிருந்து நாற்பத்தொன்று வரை இருபத்து மூன்று பேருக்கும் 120/80. என் கையெழுத்து, அழகாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. அந்த முகங்களில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

விஷயம் தெரிந்து ரகுபதி சார் வந்தார். ரெஜிஸ்டரைக் காட்டி, இத்தனை பேரையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அவர மட்டும் அன்ஃபிட் போடுங்க சிஸ்டர். மத்தவங்க நல்லாத்தான இருக்காங்க?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் பாக்கல."

"ரெஜிஸ்டர்ல இத்தன பேர அடிச்சு மாத்தினா ஆடிட்டர் கேப்பாரு. என்னன்னு எழுதுவீங்க?"

"பாக்காம எழுதினதுன்னு எழுதுவேன்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "எழுதினா நீங்க இங்க இருக்க முடியாது. ஏஜென்சிலயும் வேற எங்கயும் போட மாட்டாங்க. வூட்ட நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தேன். எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது நான் மட்டும்தான். பக்கத்தைத் திருப்பிவிட்டு நாற்பத்திரண்டாவது ஆளைக் கூப்பிட்டால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். ஆனால் கண்ணப்பன் வாய் திறந்தார். வாய் திறக்காமல் சீட்டை வாங்கிக்கொண்டு போன இருபத்திரண்டு பேர் இந்நேரம் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

இருபத்து மூன்று வரிகளையும் அடித்தேன். ஓரத்தில் 'பார்க்காமல் எழுதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசருக்கு போன் செய்து, பத்தொன்பதாவது ஆளிலிருந்து திரும்ப அனுப்பச் சொன்னேன்.

முதலில் வந்தவர் சுடலைக்கண்ணு, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வெல்டிங்கில் இருக்கிறார்.

"காலைலதான பாத்திய சிஸ்டர்?"

"பாக்கலண்ணே. பாத்த மாதிரி எழுதிட்டேன்."

 திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க சாப்டியளா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

அழுதுவிடலாம் போல இருந்தது. ஆனால் அழுதால் காது அடைத்துக்கொள்ளும், துடிப்பு கேட்காது. அடக்கிக்கொண்டேன். ஒவ்வொருவராக, அவசரப்படாமல், இருபத்திரண்டு பேரின் துடிப்பையும் கேட்டேன். பெயின்ட் ஷாப் லீலாவுக்கும் இன்னொருவருக்கும் பிரஷர் ஏறியிருந்தது. இருவரையும் டாக்டருக்கு எழுதி அனுப்பினேன். மிச்சமிருந்த பத்தொன்பது பேரையும் முடிக்கும்போது மணி ஆறரை.

ரகுபதி சார் வாசலிலேயே நின்று சொன்னார். "ஏஜென்சிக்கு மெயில் போயிடுச்சு சிஸ்டர். நாளைலேர்ந்து நீங்க வர வேணாம். சாரி."

தலையாட்டினேன். வேலை போய்விட்டதே, அம்மாவிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. நாளைக்குத் தூங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்துத்தான் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன்.